நல்ல கால் சுருங்காது

ஒரே ஒரு ஊர்ல, ரெண்டே ரெண்டு பொண்ணுங்க இருந்தாங்களாம். ரெண்டு பேருக்கும் சேத்து மொத்தம் நாலு கணுக்கால். அதுல மூணுதான் சொன்ன பேச்சக் கேக்குமாம். நாலாவது இருக்கே, அது... சிரிக்காத, சிரிக்காத, ஒத்தக் கால்ல நிக்கிற, விழுந்துடுவ. கையை இடுப்புல வை. கண்ணு நேரா. கடிகாரத்தைப் பாக்காதன்னு எத்தனை தடவை சொல்றது? நேரம் எண்ண ஆரம்பிச்சா கால் தானா ஆடும். ஜன்னல் கம்பியப் பாரு. மூணாவது கம்பி. அங்கயே இரு.

கதை எதுக்கா? இங்க வர்ற எல்லாருக்கும் சொல்றதுதான். ஒண்ணு, ரெண்டுன்னு நொடி எண்ணிக்கிட்டு நின்னா உன் மனசு பூரா கால்லயே இருக்கும். களத்துல அப்படியா இருக்கப் போகுது? பந்துல இருக்கும், எதிர்ல நிக்கிறவ தோள்ல இருக்கும், கோச் கத்துற கத்துல இருக்கும். கால் அனாதையாத்தான் இருக்கும். அது தன் வேலையத் தானே பாக்கப் பழகணும். அதுக்குத்தான் நான் வாயைத் திறக்குறது. நீ கதையக் கேளு. உன் கால் அந்த ஸ்பாஞ்ச் மெத்தையப் பாத்துக்கட்டும்.

பேப்பரா? இதோ, என் கையிலதான இருக்கு. எங்க ஓடிடப் போகுது? அளவெல்லாம் எழுதியாச்சும்மா. அடிபட்ட கால்ல நின்னு மறு கால நீட்டினப்ப அம்பத்தொம்பது சென்டிமீட்டர். நல்ல கால்ல நின்னப்ப அறுபத்தொண்ணு. வித்தியாசம் ரெண்டு. நாலுக்குள்ள இருந்தா ஆடலாம், நாலத் தாண்டினா ஆடக் கூடாது. ஞாயித்துக்கிழமை மேட்ச், தெரியும். அரையிறுதி, தெரியும். உங்க கோச் காலைலருந்து மூணு தடவை போன் பண்ணிட்டாரு, அதுவும் தெரியும். கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. கதை முடியட்டும். நல்லபடியா நின்னுட்டா உனக்கென்ன பயம்?

ம். எங்க விட்டேன்? நாலாவது கணுக்கால்.

அது சின்னவளோடது. அவளுக்கு வீட்ல தவளைன்னு பேரு. ஸ்கூல் ரெஜிஸ்டர்ல வேற பேரு இருந்துச்சு, அது டீச்சருக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கும். நடந்து வரச் சொன்னா குதிச்சு வருவா. மாடிப்படில கடைசி நாலு படி அவ கால்ல பட்டதே இல்ல. வாலிபால் ஆடினா, உன்ன மாதிரியே அடிக்கிற இடம். வலைக்கு மேல எழும்புறப்ப பாத்தா, இவ எறங்குறப்ப எறங்கட்டும், நாம போய் தண்ணி குடிச்சுட்டு வந்துடலாம்னு தோணும். அவ்வளவு நேரம் மேலயே இருப்பா.

எழும்புறதுல ஒரு தொந்தரவும் இல்ல. எறங்குறதுதான். எதிர் டீம்காரி கால் வலைக்கு அடியில ரெண்டு விரக்கடை இந்தப் பக்கம் வந்திருக்கும், அது மேல இவ பாதம் எறங்கும், கணுக்கால் வெளிப்பக்கமா மடங்கும். உனக்கு நான் சொல்லணுமா என்ன? முதல் தடவை ஐஸ் வெச்சா. ரெண்டாவது தடவை கட்டு போட்டா. மூணாவது தடவை கால் கத்திரிக்கா மாதிரி வீங்கி நிறம் மாறினப்பதான் அக்காக்காரி கையில வந்து மாட்டினா.

முழங்காலை லேசா மடக்கு. பூட்டிக்கிட்டு நிக்காத. ஆங், அப்படித்தான்.

அக்காக்காரி என்ன வேலைன்னா, என் வேலைதான். அடிபட்ட காலுங்களுக்கு நிக்கக் கத்துக் கொடுக்கிறது. சின்னவ ஆடின அதே கிளப்புலதான் வேலை, அதே டீமுக்குத்தான். கையில எப்பவும் அளவு டேப்போட திரிவா. அம்மா தையல்காரி, அவங்க கழுத்துலயும் ஒரு டேப்பு தொங்கும். அந்த வீட்ல ரெண்டு பேர் அளக்குறவங்க, ஒருத்தி அளக்கப்படுறவ. சின்னவ சொல்லுவா, நான் இந்த வீட்ல பொண்ணா பொறக்கல, துணியா பொறந்துட்டேன்னு.

சரியா ஆறு வாரம் இருந்துச்சு. ஆறு வாரம் கழிச்சு பெரிய டீமுக்கு ஆள் எடுக்குற ஆட்டம். தேறிட்டா அவ ஊர் ஊராப் போய் ஆடலாம், அதுவே வேலை, அதுவே வாழ்க்கை. மூணாவது தடவை மடங்கின காலுக்கு ஆறு வாரம் பத்தாது. அக்காக்காரி பத்து வாரம் கேட்டா. ஆட்டத்த நடத்துறவங்க இவளுக்காக நாலு வாரம் தள்ளியா வைப்பாங்க?

அதனால வீடே பயிற்சி ரூமாயிடுச்சு. முதல் வாரம் படுத்துக்கிட்டே கால் கட்டை விரலால காத்துல எழுதணும். அ, ஆ, இ, ஈ. நீயும் எழுதினியே, அதேதான். அதுல ஔ வர்றப்ப உலகத்துல எல்லாரும் திட்டுவாங்க, அவளும் திட்டினா. அப்புறம் அக்கா பேரை எழுதி, பக்கத்துலயே கழுதைன்னு எழுதினா. கழுதை மட்டும் எழுத்துப் பிழையில்லாம வந்துச்சு. ரெண்டாவது வாரம் ரப்பர் பட்டை. ஒரு முனைய தையல் மெஷின் கால்ல கட்டி, இன்னொரு முனைய இவ பாதத்துல மாட்டி இழுக்கணும். அம்மா தைச்சுக்கிட்டே இருப்பாங்க, மெஷின் கொஞ்சம் கொஞ்சமா நகந்து ஜன்னல்கிட்ட போயிடும். அடியேய், இந்த பிளவுஸ் யாருக்கும் பத்தாதுடி, தையல் பூரா கோணலாயிடுச்சுன்னு கத்துவாங்க.

மூணாவது வாரத்துலருந்து ஒத்தக் கால். பல் விளக்குறப்ப ஒத்தக் கால், பாத்திரம் தேய்க்கிறப்ப ஒத்தக் கால், துணி காயப்போடுறப்ப ஒத்தக் கால். அம்மா பக்கத்து வீட்டம்மாகிட்ட சொல்லுவாங்க, எல்லார் வீட்டுலயும் பொண்ணுங்க கல்யாணத்துக்கு ஒத்தக் கால்ல நிக்கும், எங்க வீட்ல குழாயடியில நிக்குதுன்னு. அப்புறம் மடிச்ச போர்வை மேல. அப்புறம் தலகாணி மேல. தலகாணி மேல நிக்கிறப்ப அம்மா நூல்கண்டத் தூக்கிப் போடுவாங்க, இவ பிடிக்கணும். பச்சை, சிவப்பு, மஞ்சள்னு கலர் சொல்லிக்கிட்டே பிடிக்கணும். எண்பது வயசானாலும் உன்ன யாராலயும் தள்ளிவிட முடியாதுடின்னு சொல்லிக்கிட்டே போடுவாங்க.

கண்ண மூடி நிக்கிறதுதான் அவளுக்குப் பிடிக்காது. கண்ண மூடின உடனே கால் நடுங்கும். நடுங்கும்தான், எல்லாருக்கும் அப்படித்தான். பாதத்துக்குள்ள இருக்குற உணர்வு சுளுக்குல மங்கிடும், இத்தனை நாளா கண்ணுதான் அத மூடி மறைச்சிருக்கும். அக்காக்காரி பக்கத்துல நிப்பா, கைய நீட்டி வெச்சிருப்பா, ஆனா தொட மாட்டா. தொட்டா பயிற்சி வீண். தவளை கண்ண மூடிக்கிட்டே கேப்பா, அக்கா இருக்கியா? இருக்கேண்டி. பக்கத்துலயா? பக்கத்துலதாண்டி. ஏன் பேச மாட்டேங்குற, பேசிக்கிட்டே இரு. அப்பதான் இந்தக் கதை சொல்ற வழக்கம் ஆரம்பிச்சுது. வாய்க்கு வந்த கதை. முடிவே இல்லாத கதை.

இறங்கணுமா? வலிக்குதா, இல்ல களைப்பா? களைப்புன்னா இரு. இன்னும் கொஞ்சம். களைச்சப்புறம்தான் கால் உண்மை பேசும். காலைல தூங்கி எழுந்து வந்து நின்னா எல்லாருக்கும் நல்லாத்தான் இருக்கும், மேட்ச் என்ன முதல் அஞ்சு நிமிஷத்துலயா முடிஞ்சுடுது? இப்பல்லாம் நான் பயிற்சி முடிச்சு வேர்வையோட வர்றவங்களத்தான் அளக்குறது. நீ இன்னைக்கு அங்க பயிற்சிக்குப் போகாம நேரா இங்க வந்திருக்க. நான் கேக்கல. சும்மா சொன்னேன்.

ஆறாவது வாரம் குதிச்சு எறங்குறது. நாற்காலி மேலருந்து குதிச்சு, சத்தம் வராம எறங்கணும், ரெண்டு நொடி அசையாம நிக்கணும். முதல் நாள் கீழ் வீட்டுக்காரர் மேல வந்து, என்னம்மா பீரோவ நகத்துறீங்களா, நானும் ஒரு கை பிடிக்கட்டுமான்னு கேட்டாரு. கடைசி நாள் அவர் வரல. அது அவளுக்குப் பெரிய பெருமை. கீழ் வீட்டுக்காரர் வரல பாத்தியா, நான் பாஸ்னு சொன்னா.

பாஸ் இல்ல. அக்காக்காரிக்குத் தெரியும், கால் தேறி வருது, இன்னும் தேறல. நாலு வாரம் கிடைச்சிருந்தா தேறியிருக்கும். ஆனா அத அளவுதான் சொல்லணும். அளவு எடுக்குற நாளும் வந்துச்சு.

இதே ரூம்தான்... இதே மாதிரி ரூம்னு சொல்ல வந்தேன். சரி, விடு. இதே ரூம்தான். உனக்கு எப்பவோ புரிஞ்சிருக்கும். தரையில இதே வெள்ளைக் கோடு. ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டு, அடுத்த கால் நுனியால கோட்டு மேல எவ்வளவு தூரம் முன்னால நீட்ட முடியுதோ நீட்டணும், குதிகால் எழும்பக் கூடாது, விழக் கூடாது. எந்தக் கால்ல நிக்கிறியோ அந்தக் காலோட பலம்தான் அந்த நம்பர். கோச் வெளிய வராண்டாவுல நடந்துக்கிட்டே இருந்தாரு. அடிபட்ட கால்ல நின்னா, அறுபது வந்துச்சு. நல்ல கால்ல நின்னா, அறுபத்திரண்டு. வித்தியாசம் ரெண்டு. நாலுக்குள்ளதான? கையெழுத்துப் போட்டாச்சு. தவளை பேப்பர வாங்கிட்டு வெளிய ஓடினா. ஓடுறப்ப அக்காக்காரி கழுத்தக் கட்டிக்கிட்டு கன்னத்துல ஒரு கடி கடிச்சுட்டு ஓடினா.

ஆள் எடுக்குற ஆட்டத்துல ரெண்டாவது செட்டு. ரொம்ப ஒண்ணும் இல்ல, சாதாரண எறக்கம்தான். யார் கால் மேலயும் எறங்கல. வெறும் தரைல எறங்கினா. கணுக்கால் நிக்கல, அது உள்ள மடங்க, உடம்பு ஒரு பக்கமாத் திரும்ப, முழங்கால் இன்னொரு பக்கமாத் திரும்பிடுச்சு. ஜனம் கத்திக்கிட்டுதான் இருந்துச்சு, அப்பவும் முழங்கால்ல ஏதோ அறுந்த அந்த சத்தம் பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சு. ரெண்டு ஆபரேஷன். இப்ப நடக்குறா. படி எறங்குறப்ப கைப்பிடியப் பிடிச்சுக்குவா. குதிக்கிறதெல்லாம் கிடையாது. வேற ஊர்ல ஒரு பஸ் கம்பெனில டிக்கெட் கொடுக்குறா. கவுன்ட்டர்ல உக்காந்து செய்யற வேலை. உக்காந்தே செய்யற வேலையாப் பாத்துத் தேடினாங்க.

இறங்கிட்டியா? சரி, உக்காரு. இல்ல, அந்த பெஞ்சு ஆடும், இதுல உக்காரு. தண்ணி குடி.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நல்ல கால்ல நின்னு நீட்டினப்ப உனக்கு அறுபத்தொண்ணுதான் வந்துச்சு. உன் உயரத்துக்கு, உன் எழும்பலுக்கு, அறுபத்தொண்ணு வராது கண்ணு. அறுபத்தெட்டாவது வரணும். அடிபட்ட கால் குறையும், நியாயம். நல்ல கால் எங்கயாவது சுருங்குமா?

கோபப்படாத. நான் யாரையும் கூப்பிடப் போறதில்ல. ரூம்ல நாம ரெண்டு பேர்தான். நீ நல்ல கால்ல நின்னப்ப தள்ளாடினியே, அது எப்படித் தள்ளாடின தெரியுமா? முதல்ல கை ஆடுச்சு, அப்புறம் தோள், கடைசியாதான் கால். நிஜமாத் தள்ளாடுறவளுக்கு முதல்ல கால் விரல்தான் தரையப் பிடிக்கும். வெள்ளையாப் போயிடும் நகம் எல்லாம். அப்புறம் கணுக்கால், அப்புறம் முட்டி, கைதான் கடைசி. உன் விரல் பாட்டுக்கு சும்மா கிடந்துச்சு, கை மட்டும் நாடகம் போட்டுச்சு. அடிபட்ட கால உசத்திக் காட்ட முடியாது. அதனால நல்ல காலக் குறைச்சுக் காட்டுறது. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வந்துடும். கெட்டிக்காரி. நீ சீசன் நடுவுல வந்து சேந்தவ, ஒப்பிட்டுப் பாக்க உன் பழைய பேப்பர் இங்க இல்ல. அதையும் யோசிச்சுத்தான் பண்ணியிருக்க.

யாரு சொல்லிக் கொடுத்தான்னு நான் கேக்கல. டீம்ல யாராவது சொல்லியிருப்பாங்க. தவளைக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல. அவ அளவு எடுக்குற வீட்லயே வளந்தவ, தானே கண்டுபிடிச்சா.

ஆமா. அதே வேலைதான் அவளும் பண்ணினா. அவளோட நல்ல கால் அறுபத்திரண்டு இல்ல. சீசன் ஆரம்பத்துல எடுத்த பேப்பர்ல அறுபத்தெட்டு.

எப்படித் தெரிய வந்துச்சுன்னா... கிளப்புல விசாரணை வெச்சாங்க. இவ்வளவு மோசமான காலோட ஒரு பொண்ண எப்படி உள்ள விட்டீங்கன்னு என்னைக் கேட்டாங்க. நீளமா ஒரு மேஜை, அதுக்கு அந்தப் பக்கம் மூணு பேரு. அதுல ஒருத்தர் பேனாவத் திறக்குறதும் மூடுறதுமா இருந்தாரு. வேலை போயிடும்னு வீட்ல எல்லாரும் முடிவே பண்ணியாச்சு. அப்ப கதவு திறந்துச்சு. ரெண்டு பக்கமும் ஊன்றுகோல், முகமெல்லாம் வேர்வை. யாரும் கூப்பிடல அவளை. அந்த ஆபீஸ் ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஏறி வந்திருக்கா. வந்து நின்னுக்கிட்டே சொன்னா, அக்காமேல ஒரு தப்பும் இல்ல, நான்தான் நல்ல கால வேணும்னே குறைச்சுக் காட்டினேன், அக்காவ ஏமாத்திட்டேன், என்ன தண்டனையோ எனக்குக் கொடுங்கன்னு. உக்காருங்கன்னு சொல்லக்கூட அவங்களுக்குத் தோணல.

அவ பேர கிளப்புலருந்து எடுத்துட்டாங்க. ஆட முடியாத பொண்ணோட பேர எடுத்தாங்க. என் வேலை தப்பிச்சுது. இனிமே அடிபட்ட கால நல்ல காலோட மட்டும் ஒப்பிடக் கூடாது, பழைய பேப்பரோடயும் ஒப்பிடணும்னு நான் ஒரு புது விதி எழுதிக் கொடுத்தேன். ரொம்ப நல்ல விதி, பொறுப்பா யோசிச்சிருக்கீங்கன்னு கை கொடுத்தாங்க. எல்லாரும் கை கொடுத்தாங்க.

வீட்லயா? அம்மா அவகூட ஒரு வருஷம் சரியாப் பேசல. கூடப் பொறந்தவளையே ஏமாத்தின வயிறு, இதுல சோறு எப்படி எறங்குதுன்னு ஒரு நாள் கேட்டாங்க. தட்ட வெச்சுட்டு எழுந்து போனா. நொண்டிக்கிட்டே போனா. நான் அங்கதான் இருந்தேன். எனக்கு எதிர்லதான் உக்காந்திருந்தா.

அதுக்கப்புறம்தான் வேற ஊர்ல வேலை பாத்துக்கிட்டுப் போனது. வாராவாரம் எனக்கு போன் பண்ணுவா. பஸ் கவுன்ட்டர்ல நடந்த கூத்து எல்லாம் சொல்லுவா. ஒருத்தர் தினமும் வந்து, எந்த பஸ்லயும் ஏறாம, எந்த பஸ் எப்பன்னு மட்டும் கேட்டுட்டுப் போறாராம். அத அவர மாதிரியே இழுத்து இழுத்துப் பேசிக் காட்டுவா. நான் சிரிப்பேன். போன வைக்கிறதுக்கு முன்னால கடைசி ஒரு நிமிஷம் இருக்கே, அது வேற. அப்பதான் கேப்பா, அக்கா, உனக்கு என் மேல கோபம் இல்லையே? இல்லடி. நிஜமா? நிஜமாடி, அத மறந்துடு, நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்னு சொல்லுவேன். ரெண்டு வருஷமா வாராவாரம் மன்னிக்கிறேன்.

சரி, எழுந்திரு. நல்ல கால்ல நின்னு இன்னொரு தடவை நீட்டு. இந்தத் தடவை உண்மையா. எனக்காக வேண்டாம், உனக்காகவும் வேண்டாம், சும்மா அந்தக் கோட்டுக்காக நீட்டு. ...ம். போ. இன்னும். விரலப் பாரு, எப்படிப் பிடிக்குது பாத்தியா? இதான் நிஜம். இன்னும் போகும், போ. வை.

அறுபத்தொம்பது.

அழகான கால்டி உனக்கு. அம்பத்தொம்பதுக்கும் அறுபத்தொம்பதுக்கும் வித்தியாசம் பத்து. பழச அடிச்சுட்டு இதத்தான் எழுதப் போறேன். கையெழுத்து கிடையாது. மூணு வாரம் கொடு எனக்கு, நாலாவது வாரம் நானே உன்னக் கொண்டுபோய் களத்துல விடுறேன். ஞாயித்துக்கிழமை போகட்டும். தெரியும்டி, அரையிறுதி. தெரியும். உங்க கோச்சுகிட்ட நான் பேசுறேன், நீ ஏமாத்தினதா சொல்ல மாட்டேன். கால் தேறலன்னு சொல்றேன், அது பொய் இல்லையே.

அழு, பரவால்ல. துண்டு அங்க இருக்கு.

என்ன கேட்ட?

இல்ல, கேட்டது நல்ல கேள்விதான். திரும்பச் சொல்லு. ஒரே ஒரு தடவை பாத்துட்டு உன் தள்ளாட்டம் நாடகம்னு கண்டுபிடிச்சேன், கூடவே வளந்த தங்கச்சியோடத எப்படிக் கண்டுபிடிக்காமப் போனேன். அதான?

இந்த மூணு வருஷத்துல யாரும் அதக் கேக்கல. மேஜைக்கு அந்தப் பக்கம் மூணு பேரு, படிச்சவங்க, அவங்க கேக்கல. அம்மா கேக்கல. அவளே கேக்கல.

தெரியும்டி. அன்னைக்கே தெரியும். அவ விரல் சும்மாதான் கிடந்துச்சு. பழைய பேப்பர் இதே டிராயர்ல, கை எட்டுற தூரத்துல இருந்துச்சு. பாக்க வேண்டிய அவசியமே இல்ல, அறுபத்தெட்டு எனக்கு மனப்பாடம். அவ என் முகத்தப் பாத்தா, நான் டேப்பப் பாத்தேன். வேண்டாம்டின்னு ஒரு வார்த்தை. அவ அழுதிருப்பா, ஒரு மாசம் பேசாம இருந்திருப்பா. ஆறு வாரமா அந்த வார்த்தைய எப்படிச் சொல்றதுன்னுதான் எனக்குத் தூக்கம் இல்ல. இவ பொய் சொல்றான்னு தெரிஞ்ச உடனே எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? கோபம் வரல. அப்பாடான்னு இருந்துச்சு. இனிமே நான் வேண்டாம்னு சொல்ல வேண்டியதில்ல. பேப்பர்ல நம்பர் சரியா இருக்கு. ஏதாவது ஆச்சுன்னா அது அவ செஞ்சதுதான்.

அப்படி நினைச்சுக்கிட்டேதான் கையெழுத்துப் போட்டேன். அப்பதான் அவ வந்து கன்னத்தக் கடிச்சது.

சொல்லல. அவகிட்ட இன்னும் சொல்லல. ஊன்றுகோலோட நின்னு அவ சொன்னப்ப, எழுந்து நின்னு எனக்கும் தெரியும்னு சொல்லியிருக்கணும். வாயத் திறந்தேன். அந்த ஆள் பேனாவ மூடிட்டு, ரொம்ப சங்கடமான விஷயம்தான், நீங்க போகலாம்னு என்னைப் பாத்துச் சொன்னாரு. போயிட்டேன்.

வேலைக்காக மட்டும் இல்லடி. முதல்ல வேலைக்காகத்தான் இருந்துச்சு, இல்லன்னு சொன்னா பொய். இப்ப அது இல்ல. வாராவாரம் அவ எதுக்கு போன் பண்றான்னு நினைக்கிற? பஸ் கவுன்ட்டர் கதை சொல்லவா? அந்த கடைசி ஒரு நிமிஷத்துக்குத்தான். கோபம் இல்லையேன்னு கேக்கத்தான். நான் உண்மையச் சொல்லிட்டா அவ என்கிட்ட கேக்க என்ன இருக்கு? அப்புறம் எதுக்கு கூப்பிடுவா?

எழுந்துட்டியா. சரி. ஷூவோட கயிறக் கட்டிக்க. செவ்வாய்க்கிழமை வா, பயிற்சி முடிச்சுட்டு வேர்வையோட வா. பேப்பர் இங்கயே இருக்கட்டும்.

இந்தா, இத யார்கிட்டயும்... இல்ல. சொன்னாலும் சொல்லு. யார்கிட்ட வேணும்னாலும் சொல்லு. சுத்தி வளைச்சு ஒரு நாள் அவ காதுக்கும் போகும்ல. என் வாயால வர மாட்டேங்குது, வேற யார் வாயாலயாவது...

கேக்குதாம்மா?

போயிட்டா.